நாலு அங்குலம்

எங்கள் வீட்டு மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பதினோரு எண்கள் இருக்கின்றன. 31, 31½, 32, 33, 33, 34, 34½, 33, 32, 31, 30½. 2022 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கொத்தனார் அண்ணன் சொல்லச் சொல்ல நான் எழுதியது. எங்கள் ஊருக்குக் கவுன்சிலர்கள் திரும்பி வந்த அந்த ஒரு வருஷத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தப் பக்கம்தான். அதற்கு வருவதற்கு முன் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும்.

சென்னையின் ஓரத்தில் வளர்ந்துகொண்டே போகிற ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. 2021இல் மட்டும் மாங்காடு, குன்றத்தூர், திருநின்றவூர், பொன்னேரி, நந்திவரம்-கூடுவாஞ்சேரி எல்லாம் நகராட்சி ஆயின. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனதும் அந்த வருஷம்தான். பெயர்ப்பலகை மாறுகிற வேகத்தில் தெரு மாறுவதில்லை என்று இந்தப் பக்கம் குடியிருக்கிற எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் இங்கே எழுதவில்லை. தினமும் முகம் பார்க்கிற மனிதர்கள், அவர்களை இணையத்தில் நிறுத்த எனக்கு மனசில்லை.

2011 அக்டோபரில் நான் உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போட்டபோது மகள் இடுப்பில் இருந்தாள். அடுத்த முறை, 2022 பிப்ரவரி 19ஆம் தேதி, அதே பள்ளிக்கூடத்து வரிசையில் நின்றபோது அவள் ஆறாம் வகுப்பு. நடுவில் 2016இல் நடக்க வேண்டிய தேர்தல் நடக்கவில்லை. பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு சரியாகச் செய்யப்படவில்லை என்று தேர்தல் அறிவிக்கையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்கப்புறம் ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அலுவலர்கள் நிர்வாகம். வேலைகள் நடந்தன, சாலை போட்டார்கள், எங்கள் தெருவுக்கு மழைநீர் வடிகாலே அப்போதுதான் வந்தது. ஆனால் போய்க் கேட்க ஓர் ஆள் இல்லை. அலுவலகத்துக்குப் போனால் மனுவை வாங்கி வைத்துக்கொள்வார்கள், ஒரு எண் தருவார்கள். அந்த எண்ணோடு வீட்டுக்கு வருவோம். நம் தெரு முனையில் நிறுத்தி வைத்து "என்னாச்சு?" என்று கேட்க முடிகிற ஓர் ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த ஐந்து வருஷத்தில்தான் எனக்குப் புரிந்தது.

2011இல் தலைவருக்கும் நாமே நேரடியாக ஓட்டுப் போட்டோம். இந்த முறை கவுன்சிலருக்கு மட்டும்தான், மார்ச் 4ஆம் தேதி கவுன்சிலர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அது எனக்கு இன்னும் உடன்பாடில்லை. ஊருக்குத் தலைவரை ஊர் அல்லவா தேர்ந்தெடுக்க வேண்டும்?

எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இலேயே சட்டம் வந்துவிட்டது, பலன் நகரங்களுக்கு வர 2022 ஆனது. ஜெயித்தவர் முப்பது வயதைத் தாண்டிய பெண், வீட்டில் தையல் மெஷின் வைத்திருப்பவர். முதல் சில மாதம் அவரைப் பார்ப்பதே அரிது. போன் செய்தால் அவர் கணவர் எடுப்பார். தெருவிளக்கு எரியவில்லை என்றால் கணவர் வந்து பார்ப்பார். அவர் நல்ல மனிதர்தான், கூப்பிட்டால் வந்துவிடுவார். ஆனால் எதிர்வீட்டு மாமி ஒருநாள் அவரிடமே சொல்லிவிட்டார்: "தம்பி, நீங்க வந்தது சந்தோஷம். நாங்க ஓட்டுப் போட்டது உங்க வீட்டம்மாவுக்கு. அவங்களையும் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க." அவர் முகம் சுளிக்கவில்லை. அடுத்த வாரம் அந்தப் பெண் தனியாகவே ஸ்கூட்டியில் வந்தார். மாமி அவருக்கு மோர் கொடுத்து, தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடத்திக் கூட்டிப் போனார்.

ஏப்ரலில் சொத்து வரி ஏறியது. எங்கள் வீடு 950 சதுர அடி. 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று உயர்வு. சென்னைக்குள்ளே பழைய பகுதிகளுக்கு இன்னும் அதிகம். அரையாண்டுக்கு 640 ரூபாய் கட்டிக்கொண்டிருந்த நாங்கள் 960 கட்ட வேண்டி வந்தது. தெருவில் எல்லோரும் கொதித்தார்கள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் எங்களைப் போன்ற ஊர்களில் கடைசியாக வரி திருத்தியது 2008இல். பதினான்கு வருஷமாக வரி அப்படியே நின்றால் குப்பை வண்டிக்கு டீசல் எங்கிருந்து வரும்? தேர்தல் முடிந்த சூட்டோடு உயர்த்தினார்கள், முன்கூட்டியே சொல்லவில்லை என்ற கோபம் நியாயமானது. வரி கூடாது என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. ரசீதை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது எனக்குள் ஒன்று மாறியிருந்ததைச் சொல்ல வேண்டும். இந்த ஊரின் கணக்கு எனக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. 320 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன், அது எந்த வாய்க்காலில் போகிறது என்று பார்க்காமல் இருக்கக் கூடாது.

வாய்க்கால் என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் தெருவின் துயரமே வாய்க்கால்தான். மனைகளின் பழைய பத்திரத்தில் நஞ்சை என்று இருக்கும். ஊருக்கு மேற்கே ஏரி, அதன் தண்ணீர் பாய்ந்த வயல்தான் இன்றைய எங்கள் நகர். ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் இருந்த ஏரிகள் நீர்வளத்துறை வசம், அதற்குக் கீழே உள்ளவை உள்ளாட்சி வசம் என்பது இங்கே பழைய ஏற்பாடு. பாசனமே நின்றுபோன பிறகும் அந்தப் பாகப்பிரிவினை அப்படியே இருக்கிறது. எங்கள் தெரு நகராட்சி, தெரு முனைச் சாலை நெடுஞ்சாலைத்துறை, அதைத் தாண்டி ஓடுகிற வாய்க்கால் நீர்வளத்துறை. மழைத்தண்ணீர் 200 மீட்டர் போவதற்குள் மூன்று துறைகளைக் கடக்க வேண்டும்.

ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் ஆறாவது வீட்டிலிருந்து எட்டாவது வீடு வரை தண்ணீர் நிற்கும். எங்களுடையது எட்டாவது. வாசலில் மணல் மூட்டை, கேட்டுக்குக் குறுக்கே பலகை, கழிப்பறையில் தண்ணீர் எதிர்த்து வரும். புகார் கொடுப்போம், ஆட்கள் வருவார்கள், வடிகால் மூடியைத் தூக்கி வண்டலை அள்ளிப் போடுவார்கள், "அடைப்பு எடுத்தாச்சு மேடம்" என்பார்கள். அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே அளவு நிற்கும். அடைப்புதான் காரணம் என்று நாங்களும் நம்பினோம்.

குப்பையைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் தூய்மை முகாம் நடத்தினார்கள், மக்கும் குப்பை, மக்காத குப்பை பிரித்துக் கொடுங்கள் என்று ஒலிபெருக்கியில் பாட்டு ஓடியது. எங்கள் தெருவை மாற்றியது வேறொன்று. ஆகஸ்டில் ஒருநாள் பேட்டரி வண்டி ஓட்டி வரும் அக்கா எங்கள் கவரைப் பிரிக்கும்போது உள்ளங்கை கிழிந்துவிட்டது. முந்தின நாள் உடைந்த கண்ணாடி டம்ளரை நான்தான் தினத்தந்திப் பேப்பரில் சுற்றிப் போட்டிருந்தேன். ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்தது. அவர் சேலைத் தலைப்பால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பரவால்லம்மா, அடுத்த வீட்டுக்கு நேரமாச்சு" என்றார். கூட்டிப் போய் நாலு தையல் போட்டு வந்தோம். அன்றைக்கு அவருக்கு அரைநாள் சம்பளம் போனது, அதை நான் கொடுத்தபோது வாங்கிக்கொள்ள ரொம்பத் தயங்கினார். இப்போது தெரு முனையில் ஒரு பழைய பெயின்ட் டின் இருக்கிறது. கண்ணாடி, பிளேடு, ஊசி எல்லாம் அதில்தான். நிறைந்தால் அந்த அக்கா தனியாக எடுத்துப் போகிறார். அவர் கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது, குப்பை கொடுக்கும்போது என் கண் அங்கேதான் போகிறது.

நவம்பர் 1க்கு வருகிறேன். அந்த வருஷம்தான் அரசு அந்த நாளை உள்ளாட்சி தினம் என்று அறிவித்திருந்தது. கிராமங்களுக்குக் கிராம சபை இருக்கிறது, நகரத்தில் இருப்பவர்களுக்கு அப்படி ஒன்று இல்லை என்ற குறை ரொம்ப நாளாக உண்டு. வார்டு குழு, பகுதி சபைக்கான விதிகள் 2022 ஜூனில் வந்தன. முதல் பகுதி சபைகள் நவம்பர் 1ஆம் தேதி நடந்தன, பம்மலில் நடந்ததில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கலந்துகொண்டார். ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரிக்க வேண்டும், அந்தப் பகுதியின் வாக்காளர்கள் எல்லோருமே சபையின் உறுப்பினர்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. நகரத்து வாக்காளர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேச ஒரு சபை இங்கே கூட 29 வருஷம் ஆயிற்று.

பருவமழை தொடங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. முந்தின இரவெல்லாம் கொட்டியது. எங்கள் சபை ஆரம்பப் பள்ளி வராண்டாவில். அறுபது நாற்காலி போட்டிருந்தார்கள், வந்தவர்கள் இருபத்து மூன்று பேர். பாதிப் பேர் கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். கவுன்சிலர் முதன்முறையாக மைக் பிடித்தார். கை நடுங்கியது, எழுதி வைத்ததைப் படித்தார். படித்து முடித்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "எங்க வீட்லயும் இன்னிக்கு கரண்ட் இல்ல. சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார். அதற்கப்புறம் நடுக்கம் இல்லை.

எல்லோரும் பேசினார்கள். நாய், விளக்கு, ரேஷன் கடை வாசல் பள்ளம். எங்கள் முறை வந்ததும் தண்ணீர் நிற்பதைச் சொன்னோம். இளநிலைப் பொறியாளர் சின்னப் பையன், மரியாதையாகப் பேசினார். வடிகால் சுத்தம் செய்தாகிவிட்டது, வாட்டம் மதிப்பீட்டின்படிதான் கொடுத்திருக்கிறது, அதிக மழை பெய்தால் கொஞ்ச நேரம் நிற்கத்தான் செய்யும் என்றார். அப்போது பின்வரிசையிலிருந்து கொத்தனார் அண்ணன் எழுந்தார். எங்கள் தெருவின் முதல் வீடு அவருடையது, நாற்பது வருஷமாக இந்த ஊரில் வீடு கட்டுகிறவர். "சார், மழை விட்டு மூணு நாள் ஆனாலும் நிக்குதே. அடைப்பா இருந்தா மேல் பக்கமா எதிர்த்து ஏறும். இது ஒரே எடத்துல குளமா நிக்குது. வாட்டத்துலதான் கோளாறு." பொறியாளர் பதில் சொல்வதற்குள் வேறொருவர் பேச ஆரம்பித்துவிட்டார். நான் பதிவேட்டில் இதை எழுதச் சொன்னேன். "வடிகால் வாட்டம் சரிபார்க்க வேண்டும்" என்று ஒரு வரி. எழுதிய பிறகு எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

நவம்பர் போனது, யாரும் வரவில்லை. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் எங்கள் தெரு வடிகாலின் மதிப்பீட்டு நகல் கேட்டேன். முப்பது நாள் கெடு முடிவதற்குள் வந்துவிட்டது. ஆறு பக்கம். எனக்கு அது புரியவில்லை, கொத்தனார் அண்ணன் வாங்கிப் பார்த்தார். "பேப்பர்ல சரியாத்தாம்மா இருக்கு. முதல் வீட்டுலேர்ந்து கடைசி வரைக்கும் சீரா எறங்கணும்னு போட்டிருக்கு. அப்ப கட்டுனதுதான் தப்பு." டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்தது. காலையில் எங்கள் வாசலில் முழங்கால் தண்ணீர், அதில் முருங்கைக் கிளை மிதந்துகொண்டிருந்தது.

அது வடிந்த அடுத்த வாரம்தான் அளந்தோம். அவரிடம் ஐம்பது அடி டியூப் இருந்தது, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய். வீடு கட்டுபவர்கள் எல்லோரும் மட்டம் பார்க்கிறது இதை வைத்துத்தான். ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்சம் நீல மை கலந்து, ஒரு முனையை வாயில் வைத்து உறிஞ்சிக் குழாயை நிரப்பினார். பிறகு குழாய் முழுவதையும் விரலால் சுண்டிக்கொண்டே வந்தார். "உள்ள ஒரு குமிழி இருந்தாக்கூட மட்டம் பொய் சொல்லும்" என்றார். இரண்டு முனைகளையும் பக்கத்தில் பிடித்து நீலம் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்தார். அதற்கப்புறம்தான் தெருவில் இறங்கினோம்.

முதல் வீட்டுச் சுவரில் சாக்கட்டியால் ஒரு கோடு. அவர் ஒரு முனையை அந்தக் கோட்டோடு பிடித்துக்கொள்ள, அவர் மகன் மறுமுனையோடு பதினான்கு மீட்டர் தள்ளிப் போய்ச் சுவரோடு சுவராக நிற்பான். நீலம் மேலும் கீழும் ஆடும். ஆட்டம் நிற்கும்வரை யாரும் பேசக் கூடாது. நின்றதும் அங்கே ஒரு கோடு. கோட்டிலிருந்து நேர் கீழே வடிகாலின் அடித்தளம் வரை டேப். அவன் சொல்ல, அவர் திருப்பிச் சொல்ல, நான் எழுதினேன். இப்படிப் பத்து முறை குழாயை நகர்த்தி, 140 மீட்டர். தெருவே வெளியே வந்து நின்றது. ஏழாவது இடத்தில் 34½ வந்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, இறங்கிக்கொண்டே வருகிறது, சரிதான். அடுத்தது 33 என்றான். அண்ணன் "திரும்பப் பிடி" என்றார். மறுபடியும் 33. அதற்கடுத்து 32. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கடைசியில் வாய்க்காலுக்குள் விழ வேண்டிய இடத்தில் 30½. தண்ணீர் எங்கள் வீட்டுப் பக்கம் வரை இறங்கி வந்து, அங்கிருந்து நாலு அங்குலம் மேலே ஏறிப் போக வேண்டும். ஐந்து வருஷமாக நாங்கள் அள்ளிக்கொண்டிருந்த வண்டலுக்கு இந்த ஏற்றம்தான் காரணம். தேங்குகிற தண்ணீர் மண்ணைப் படியவிடாமல் என்ன செய்யும்?

அண்ணன் யாரையும் திட்டவில்லை. கடைசிப் பகுதியில் சாலை மட்டத்தைப் பார்த்து வடிகாலைக் கட்டிவிட்டார்கள், வாய்க்காலின் மட்டத்தைப் பார்க்கவில்லை என்று மட்டும் சொன்னார். குழாயைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த சபையில் நோட்டை நீட்டினோம். இந்த முறை நாற்பதுக்கு மேல் வந்திருந்தார்கள். பொறியாளர் எண்களை ஒருமுறை படித்தார், இன்னொரு முறை படித்தார், "யார் அளந்தது?" என்று கேட்டார். அண்ணன் எழுந்து நின்றார். எல்லோர் முன்னாலும் அந்தப் பையன் சொன்னார்: "அண்ணே, நான் வந்து கருவி வச்சுப் பார்க்கிறேன். நீங்களும் கூட இருங்க." அப்படி ஒரு சொல்லுக்காகத்தான் ஒரு சபை வேண்டும் என்று நான் சொல்லுவேன். மனுவுக்கு எண் கிடைக்கும், இது கிடைக்காது. முக்காலி வைத்து லெவல் பார்த்தார். பத்தரை சென்டிமீட்டர் வந்தது. நாலு அங்குலத்துக்கும் அதற்கும் ஒரு நூல் வித்தியாசம்.

கவுன்சிலர் அதைக் கூட்டப்பொருளில் சேர்க்கப் பட்ட பாடு தனிக்கதை. இரண்டு மாதம் ஒத்திப்போட்டார்கள். நிதி இல்லை என்றார்கள், ஏற்கெனவே கட்டி முடித்த வேலைக்கு மறுபடி எப்படி ஒதுக்குவது என்றார்கள். அவர் தையல் வேலையை விட்டுவிட்டு வாரம் மூன்று நாள் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார். அப்போது அவருக்கு மாதச் சம்பளம் என்று ஒன்றும் கிடையாது. நகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம் வந்தது 2023 ஜூலையிலிருந்துதான். இதை எழுதும்போதுகூட எனக்கு அவரை நினைத்து நெஞ்சு நிறைகிறது. கடைசியில் தீர்மானம் ஆனது, முழுத் தெருவுக்கும் இல்லை, ஏழாவது வீட்டுக்கு அப்பால் உள்ள 56 மீட்டருக்கு மட்டும். மே மாதம் உடைத்தார்கள். காங்கிரீட் போடும் முன்னால் அண்ணன் டியூபோடு போய் நின்றார். மேஸ்திரி முறைத்தார், பொறியாளர் "இருக்கட்டும்" என்றார்.

ஜூன் 19 அதிகாலை. ஆனி மாதத்தில் அப்படி ஒரு மழையை நான் இங்கே பார்த்ததில்லை. சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் எல்லாவற்றுக்கும் பள்ளி விடுமுறை விட்டார்கள். இரண்டு மணிக்கு இடிச்சத்தத்தில் எழுந்து, பழக்கத்தில் கேட் பலகையைத் தேடிப் போனேன். வாசலில் தண்ணீர் இல்லை. டார்ச் எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் ஆறாவது வீட்டு சார் லுங்கியை மடித்துக் கட்டி, குடையோடு வடிகால் மூடியின் சந்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் குனிந்தேன். கீழே வேகமான சத்தம், இருட்டில் எதுவும் தெரியவில்லை. அவர் வேப்பமரத்தடியில் கிடந்த ஒரு கொத்தை எடுத்துச் சந்து வழியாக உள்ளே போட்டார். இருவரும் கடைசி வீட்டுக்கு ஓடினோம். டார்ச் வெளிச்சத்தில் வடிகாலின் வாய் தெரிந்தது, கலங்கல் தண்ணீர் வாய்க்காலுக்குள் குதித்துக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். வேப்பங்கொத்து வந்து விழுந்தது.

சாலைக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் ஏற்கெனவே கரை வரை ஏறியிருந்தது. அங்கே ஆகாயத்தாமரை. அது நீர்வளத்துறை. செப்டம்பர் சபைக்கு அதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன், அதே நோட்டில், அந்தப் பதினோரு எண்களுக்குக் கீழே.